மருமகள் வைத்த பெயர்

எல்தியார் கடைசிக் கதையை வாசிக்கத் தொடங்கியபோது அனார்குல் தன் தேநீரில் பழப்பாகைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அக்டோபர் பிறந்தும் நாரின் நகர நூலகத்தின் வெப்பக் குழாய்களில் இன்னும் சூடு ஏறவில்லை. கதைப் போட்டியின் நடுவர்கள் மூவரும் மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். இமானாலி அகாய்க்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எழுத்தைப் பார்க்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் தேறிய கதைகளை எல்தியார் சத்தமாக வாசிப்பது, மற்ற இருவரும் கேட்பது என்று ஏற்பாடு. எல்தியார் இளங்கவிஞன். ஒரு காதில் வளையம், நாடகக்காரனின் குரல். எந்தக் கதையை வாசித்தாலும் அது அவன் எழுதியதுபோல் ஆகிவிடும். அகாய் அதற்காகவே அவனைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தக் காலத்து விமர்சகர். ஊரில் பாதிப் பேருக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். அகாய் என்றால் ஆசிரியர், ஆனால் நாரினில் அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார்.

பரிசு பெரியதுதான். வெல்கிறவருக்குத் தலைநகரில் ஒரு வருஷம் தங்க அறை, சாப்பாடு, செலவுக்குப் பணம். எழுதுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. கதைகள் பெயரில்லாமல் எண் போட்டு வந்தன. நடுவர்கள் யார் என்பதும் முடிவு வரும்வரை வெளியே தெரியக் கூடாது. எழுதியவர் யார் என்று நடுவருக்குத் தெரிந்துவிட்டால் அவர் விலகிக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன ஊரில் அது நடக்கிற காரியமா என்று முதல் நாளே அகாய் கேட்டிருந்தார்.

"'எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் சாவிக்காரர் வருவார்,'" என்று எல்தியார் வாசித்தான். "'அவருக்கு ஒரு காரும் நிறையச் சாவிகளும் உண்டு. மேசைமேல் சாவிக்கொத்தை வைக்கிற சத்தத்தில்தான் அவர் தன்னைப் பெரிய மகன் என்று அறிவிப்பார்.'"

அனார்குலுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. சாவியை விரலில் சுழற்றாத ஆண்பிள்ளை இந்த ஊரில் யார்? தன் மூத்த மகனை வீட்டில் இளைய மருமகள் சாவிக்காரர் என்றுதான் சொல்லுவாள். இன்னொரு வீட்டிலும் ஒரு சாவிக்காரர் இருக்கக் கூடாதா என்ன? மருமகள் வாயால் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயர் வரக் கூடாது. ஆளுக்கு ஒரு பெயரை அவளே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். நகரத்துப் பெண்கள் பலர் விட்டுவிட்ட வழக்கம் இது. அனார்குல் வீட்டில் பாதி மரியாதையாகவும் பாதி விளையாட்டாகவும் அது நீடித்துவந்தது. அவள் மருமகளாக இருந்த காலத்தில் அதில் விளையாட்டே கிடையாது. மாமனார் பெயர் கொண்ட மாணவன் ஒருவன் அவள் பாடம் எடுத்த வகுப்பில் இருந்தான் என்பதற்காக, வருஷம் முழுக்க அவனை 'ஜன்னலோரத்துத் தம்பி' என்றே கூப்பிட்டு, கடைசியில் வேறு ஜன்னலோரத்துப் பையன்களெல்லாம் சேர்ந்து எழுந்து நிற்கும்படி ஆனது.

"'செய்தி ஐயா தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து உலகத்தை வைதுகொண்டிருப்பார். உலகம் அவருக்குப் பதில் சொல்லாது. அதனால் அவருக்கு அதன்மேல் மேலும் கோபம் வரும்.'"

அனார்குலின் கரண்டி நின்றது. செய்தி ஐயா அவளுடைய புருஷன். அந்தப் பெயரை மருமகள் வைத்தபோது வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். பெகிமாய், நீயா என்று அவள் மனசுக்குள் கேட்டாள். காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துவிட்டு, மருந்துக்கடையில் அரை நாள் நின்றுவிட்டு, மறுபடி வந்து பாத்திரம் கழுவுகிற பெண். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். இவள் எப்போது எழுதினாள், எந்த மூலையில் உட்கார்ந்து எழுதினாள்? உடனே, விலகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தாள். அதற்குள் எல்தியார் அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

"'வீட்டை நடத்துவது "நாம்".'" எல்தியார் நிறுத்தி, மேற்கோளை விரல்களால் காற்றில் போட்டுக் காட்டினான். "'"நாம்" என்பது என் மாமியார். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து, நமக்குக் குளிரவில்லை என்று அவர் அறிவிப்பார். உடனே எங்கள் யாருக்கும் குளிராது. நாம் அந்தக் கடையில் துணி எடுப்பதில்லை. நாம் அப்படிச் சிரிப்பதில்லை. ஒரு முறை எனக்குப் பல்வலி. மருத்துவரிடம், நமக்கு இரண்டு நாளாக வலிக்கிறது என்றார். மருத்துவர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.'"

எல்தியாரால் மேலே வாசிக்க முடியவில்லை. தாளை மூக்கில் வைத்துக்கொண்டு குலுங்கினான். அகாய்கூட மீசைக்குள் சிரித்துவிட்டார். அனார்குலும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும். அந்தப் பல் மருத்துவர் அவளுடைய பழைய மாணவன். அன்று அவன் ஏன் அப்படிப் பார்த்தான் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முகம் காந்தியது. கோட்டுக்குள் வேர்த்தது.

தனக்கு மருமகள் என்ன பெயர் வைத்திருப்பாள் என்று அவள் சில சமயம் யோசித்ததுண்டு. முகத்துக்கு நேரே எல்லா மருமகள்களையும்போல 'அபா', அதாவது அம்மா, என்பாள். முதுகுக்குப் பின்னால் என்ன? வெள்ளைச் சால்வை அம்மா, புத்தக அம்மா என்று ஏதாவது இருக்கும் என்று ஆசையாக நினைத்திருந்தாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு வருஷமும் கல்லூரி திறந்ததும் அனார்குல் எடுக்கும் முதல் பாடமே இலக்கியத்தில் தனிமனிதன் எப்படி வந்தான் என்பதுதான். அந்தப் பாடத்துக்குப் பக்கத்து வகுப்பு மாணவர்கள்கூட வந்து நிற்பார்கள். முதலில் கூடாரம் என்பாள். அங்கே காவியம் பாடுகிறவனிடம் இது யார் கட்டிய பாட்டு என்று கேட்டால், கனவில் வந்தது, நான் வெறும் வாய்தான் என்பான். அப்புறம் குதிரைமேல் ஊர் ஊராகப் போன பாடகன். பாட்டுக்கு நடுவே தன் பெயரைச் சொல்லி, தன் கிழிந்த காலணியைச் சொல்லி, விருந்து போடாத பணக்காரனை வைது, முதல் முதலாக 'நான்' என்றவன் அவன்தான். அதற்குப் பிறகு, நாடு ரஷ்யாவோடு சேர்ந்திருந்த அடுக்குமாடிக் காலம். எல்லார் வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே கதவு, எல்லாப் புத்தகத்திலும் நாம் உழுதோம், நாம் அணை கட்டினோம். ஒருத்தர் நாம் காதலித்தோம் என்றுகூட எழுதினார், எத்தனை பேர் சேர்ந்து என்று சொல்லவில்லை என்பாள். வகுப்பு அதிரும். அப்புறம் நாடு தனியாகி, தெருவோரமெல்லாம் தகரக் கடைகள் முளைத்ததே, அந்தக் காலம். கடைக்கு ஒரு 'நான்'. விலை மலிவு. இப்படியெல்லாம் எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, நாம் இந்த வருஷம் கிழங்கு அதிகம் வாங்கவேண்டாம் என்று சொல்லுகிறவளும் அவளேதான். இது ஒரு நாளும் அவள் காதில் விழுந்ததில்லை.

அவளும் அடுக்குமாடிக் காலத்தில் வளர்ந்தவள். மாணவியாக இருந்தபோது, பனியில் தனியாக நடந்து போவதைப் பற்றி ஒரு கவிதை எழுதி மாவட்டப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அச்சில் வந்தபோது பனியில் 'நாம்' நடந்தோம். பத்திரிகை ஆசிரியர் ஒரு 'நானை'யும் விட்டுவைக்கவில்லை. தனியாகப் போன பெண்ணுக்குப் பின்னால் ஒரு படையே அணிவகுத்தது. அவளுக்கு அப்போது வருத்தமாகக்கூட இல்லை, பெயர் அச்சில் வந்ததே என்று குதித்தாள். அடுத்த கவிதையை அவளே 'நாம்' போட்டு எழுதினாள். அதற்கடுத்தது வரவில்லை.

எல்தியார் வாசித்துக்கொண்டே போனான். புருஷன் ரஷ்யாவில் வாடகைக் கார் ஓட்டுவது, வாரம் ஒருமுறை தொலைபேசியில் அவன் எல்லாரிடமும் பேசிவிட்டுக் கடைசியில் மனைவியிடம் வரும்போது இணைப்பு போய்விடுவது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் எழுதுவது. தண்ணீர் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று அனார்குல் வசந்தகாலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் தண்ணீரை இப்படி வீணாக்குவதில்லையே என்று சொன்ன ஞாபகமும் வந்தது. வரிக்கு வரி கோபம் ஏறியது. வீட்டுக்குள் உட்கார்ந்து வீட்டையே விற்றிருக்கிறாள். விலக வேண்டியதே இல்லை. சும்மா கைதூக்காமல் இருந்தால் போதும், கதை விழுந்துவிடும், ஒரு குருவிக்கும் தெரியாது.

பிறகு எல்தியாரின் குரல் தணிந்தது.

"'போன குளிர்காலத்தில் "நாம்" காய்ச்சலில் விழுந்தார். சாவிக்காரர் ஊரில் இல்லை, செய்தி ஐயா பயந்துபோய் அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டேன். விடியப்போகிற நேரத்தில் அவர் கண்ணைத் திறக்காமல் பேசினார். எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். நான் எங்கேயும் போனதில்லை என்றார். யாரோ சின்னப் பெண்ணின் குரல். என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் என் கையைப் பிடித்திருந்தார். காலையில் காய்ச்சல் இறங்கியதும், நமக்கு ஒன்றுமில்லை, நாம் எழுந்துவிடலாம் என்றார். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்றுதான் தெரியவில்லை.'"

அதோடு கதை முடிந்தது. அனார்குலுக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகம் இருந்தது, பேசியது ஞாபகம் இல்லை. ஆறிப்போன தேநீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"இது கதையாய்யா?" என்றார் அகாய். "வீட்டுக் குப்பையக் கூட்டி வாசல்ல கொட்டியிருக்கு. அந்த மேய்ச்சல்காரங்க கதை பாரு, பனிச்சரிவுல ஊரே சேர்ந்து மந்தையை மீட்குது. அதுல மனுஷங்க இருக்காங்க. இதுல ஒருத்தி மட்டும் இருக்கா, அவளும் குளியலறைல இருக்கா."

"அகாய், உங்க காலத்துல டிராக்டர்கூட 'நாம்'னுதான் பேசும்."

"பேசட்டுமே. அந்த டிராக்டர் உழுதுச்சு. உங்க 'நான்' இதுவரைக்கும் என்னத்த உழுதுச்சு சொல்லு?"

"உங்க ஓட்டு மந்தைக்கு, என் ஓட்டு குளியலறைக்கு," என்று சிரித்த எல்தியார் அனார்குல் பக்கம் திரும்பினான். "எஜே, இனி உங்க கையிலதான் இருக்கு."

எஜே என்று அவன் அக்காவென்ற உரிமையோடு கூப்பிட்டது அன்று அவளுக்குப் பாரமாக இருந்தது. "நாளைக்குச் சொல்றேன்," என்றாள். "தலை வலிக்குது."

ஆற்றுப் பாலம் வழியாக அவள் வேண்டுமென்றே மெதுவாக வீட்டுக்கு நடந்தாள். விலகினால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால், நாளைக் காலைக்குள் நாரின் முழுக்க அவளுக்கு 'நாம்' என்ற பெயர் நிலைத்துவிடும். கல்லூரி மாணவர்கள் சும்மா விடுவார்களா? மேலும், அவள் விலகினால் ஓட்டு ஆளுக்கொன்றாக நிற்கும், கடைசியில் வயதுக்கு மரியாதை கொடுத்து மேய்ச்சல்காரர் கதைக்கே போகும். வேண்டாம் என்றாலும் அதே முடிவுதான். ஆக, அவள் வாயைத் திறந்து வேண்டும் என்று சொன்னால் ஒழிய பெகிமாய் போக முடியாது. போனால்? தலைநகருக்குப் போன பெண்கள் ஒரு வருஷத்தில் திரும்பிவிடுகிறார்களா? இளைய மகன் குபாத் ரஷ்யாவில், மருமகள் தலைநகரில், நடுவில் குழந்தை ஐதானா யாருடையது? மகனுடைய குடித்தனத்துக்குத் தன் கையாலேயே கொள்ளி வைப்பதா? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவளுக்கே வெட்கமாக இருந்த இன்னொரு பயம். பெகிமாய் இல்லாத வீட்டில் செய்தி ஐயாவின் எதிரே தனியாக உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் பெகிமாய் கையால் அறுத்த மாவு நூடுல்ஸை இறைச்சிச் சாற்றில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். எப்போதும்போலத்தான் இருந்தாள். குனிந்த தலை, முழங்கைவரை ஏற்றிய சட்டை. அனார்குல் அவளையே பார்த்தாள். இத்தனை நாள் இந்தக் கண்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கின்றன.

"உப்பு சரியா இருக்கா அபா?"

நமக்கு இது போதும் என்று சொல்ல வாயெடுத்து அனார்குல் நிறுத்திக்கொண்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள். குழந்தை இன்னொரு கிண்ணம் கேட்டபோது, நாம் படுக்கப்போகும் நேரத்தில் அதிகம் சாப்பிடுவதில்லை என்று நாக்குவரை வந்தது. அதையும் விழுங்கினாள். நாளைக்கு நாம், இந்த ஞாயிறு நாம், அடுத்த மாசம் நாம் என்று ஒவ்வொரு பேச்சும் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. இத்தனை வருஷமாக வேறு வார்த்தையே இல்லாமலா பேசியிருக்கிறேன் என்று அவளுக்குத் திகிலாக இருந்தது.

அவள் புருஷன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். அதுவே அபூர்வம். "உடம்பு சரியில்லையா உனக்கு? இவ்வளவு அமைதியா இருக்கே, பயமா இருக்கு."

பெகிமாய் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியதை அனார்குல் கவனித்தாள். சிரிக்கிறாள். கோபம் வர வேண்டிய இடம். ஏனோ வரவில்லை.

மறுநாள் மத்தியானம் நூலகத்தில் வெப்பக் குழாய்கள் சூடேறிக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அனார்குல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"அந்த மருமக கதைக்குக் கொடுங்க."

எல்தியார் மேசையைத் தட்டினான். அகாய் கறுப்புக் கண்ணாடியோடு அவள் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். "காரணம் சொல்லும்மா. வெறும் நான் நான்னு பொலம்பறதுக்கா ஒரு வருஷச் சோறு?"

"அது பொலம்பல் இல்ல அகாய். ஒருத்தி காய்ச்சல்ல உளறினதைக் கேட்க இன்னொருத்தி முழிச்சு உட்கார்ந்திருக்கா. எழுதினது 'நான்'னுதான். ஆனா பார்த்துக்கிட்டிருந்தது இன்னொருத்தியை." அவளுக்குக் குரல் கொஞ்சம் பிசிறியது. "மந்தையை மீட்ட கதைல அத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தர் முகமும் எனக்கு ஞாபகம் இல்ல."

அகாய் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என் ஓட்டு மாறாது," என்றார் கடைசியில். "மந்தைக்குத்தான். எழுதிக்கோ எல்தியார், ரெண்டுக்கு ஒண்ணு." எல்தியார் கையெழுத்துத் தாளை எடுக்க அலமாரிப் பக்கம் போனதும், அகாய் குரலைத் தாழ்த்தினார். "போன குளிர்காலத்துல காய்ச்சல்னு லீவு போட்டியே. உன் பாடத்தையும் சேர்த்து நான்தானே வந்து எடுத்தேன். இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?"

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அனார்குலுக்குப் புரிந்தது. "தேவலாம் அகாய்," என்றாள்.

"சரி. சரி." அவ்வளவுதான். அவர் கோட்டு எங்கே என்று துழாவ ஆரம்பித்தார். விதியைச் சொல்லி அவளை நிறுத்த அவரால் முடிந்திருக்கும். அவர் ஓட்டுப் போட்ட கதையும் வென்றிருக்கும். ஊருக்கு அவள் பெயர் போகாமல் காப்பாற்றிவிட்டுத் தோற்றுப்போனார். அந்தக் காலத்து மனிதர்களிடம் இது ஒன்று உண்டு என்று அனார்குல் நினைத்துக்கொண்டாள். கோட்டுக் கையைப் பிடித்து அவருக்கு மாட்டிவிட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. நல்லவேளையாக அவருக்கு இன்னும் கண் சரியாகத் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தாள். பெகிமாய் தயங்கித் தயங்கி வருவாள், அபா, இப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, போகலாமா என்பாள். உடனே சம்மதித்துவிடக் கூடாது, கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, போய் வாம்மா, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். நான் என்ற அந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் திகைத்துப்போவாள். அழுதாலும் அழுவாள். யோசிக்க யோசிக்க அனார்குலுக்கு மனசு லேசானது. தன் வாழ்க்கையில் ஒருத்தருக்கு இவ்வளவு பெரிய ஒன்றைக் கொடுத்ததில்லை என்று பட்டது. நடையே கொஞ்சம் துள்ளியது.

சமையலறையில் பெகிமாய் மாவுத்துண்டுகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சாவிக்காரர் குடும்பம் வருகிறது. மேசை முழுக்க வெட்டிய மாவு. அனார்குல் கையைக் கழுவிவிட்டு வந்து மாவை உருட்ட உட்கார்ந்தபோதே கைப்பேசி அடித்தது. பெகிமாய் எண்ணைப் பார்த்தாள். கரண்டியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைக்காமலே முற்றத்துக்குப் போனாள். கதவுக்கு வெளியே கரிக் கொட்டகைப் பக்கம் அவள் குரல் கேட்டது, என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. அனார்குல் பொரிந்ததை அள்ளித் தட்டில் போட்டாள், அடுத்ததை விட்டாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் தான்தான் என்பதுபோல.

பெகிமாய் திரும்பி வந்து கதவருகிலேயே நின்றாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அபா. நடுவருங்க யார் யார்னு சொன்னாங்க."

"ம்."

"நீங்க கேட்டுட்டீங்க. கதையை."

"கேட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

பெகிமாய் தலை குனியவில்லை. "அந்தப் பேரை நான் மாத்தமாட்டேன் அபா. புத்தகமா வந்தாலும் அப்படியேதான் வரும். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், தெரியும். நான் போறேன். அடுத்த மாசம் அறை தர்றாங்க. ஐதானாவையும் கூட்டிட்டுப் போறேன், பக்கத்துலயே பாலர் பள்ளி இருக்காம். குபாத்கிட்ட முன்னாடியே பேசிட்டேன். கிடைச்சா போன்னுட்டாரு."

அனார்குல் கரண்டியோடு நின்றாள். ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைக்கும் இடமில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. குழந்தைக்குக்கூட இடம் பார்த்தாகிவிட்டது. மகனும் அவளைக் கேட்காமலே சம்மதித்திருக்கிறான். கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது, உண்மையாகவே வலித்தது.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் பெகிமாய். குரல் இப்போது இளகியிருந்தது. "மூணு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னாங்களாம். எனக்குக் கோபம் இல்ல அபா. சத்தியமா இல்ல. உங்க இடத்துல நான் இருந்திருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அது நான் இல்லை.

வாய்வரை வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு 'நானை' இவ்வளவு ஆசையாகச் சொல்ல நினைத்ததில்லை அவள். சொன்னால் இந்தப் பெண் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அப்புறம்? அப்புறம் மாமியார் அனுப்பிவைத்துப் போனவள் ஆகிவிடுவாள். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு வரி எழுதும்போதும் நன்றியோடு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது எதிரில் நிற்பவள், யார் தடுத்தாலும் போகிறவளாக நிற்கிறாள். அந்த நிற்பு அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அனார்குல் அடுப்பைக் குறைத்தாள்.

"அங்கே குளிர் ஜாஸ்தி இருக்காது," என்றாள். "ஆனா கரிப் புகை இருக்கும். குழந்தைக்குச் சளி பிடிக்காம பாத்துக்கோ."

பெகிமாய் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தலையை அசைத்துவிட்டு மெல்ல வெளியே போனாள். ஐதானாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, இந்த வீட்டில் அனார்குல் இதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு. பெரிய, கட்டுப்பாடில்லாத, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்படியான சிரிப்பு. அவள் ஜன்னலருகே போனாள். எண்ணெய் ஆவியில் கண்ணாடி மங்கியிருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள், கையிலிருந்த மாவு அப்பி இன்னும் மங்கலாயிற்று. விரல் போன இடத்தில் மட்டும் ஒரு கீற்று தெளிந்தது. அதன் வழியே முற்றத்தில் குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பாவாடை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.